பூக்கட்டிப் பார்த்த மருந்து

சித்திரை மாத நடுப்பகலில் வைத்திக்குப்பத்து மணலில் யாரும் நடக்க மாட்டார்கள், ஓடுவார்கள். படகு நிழலிலிருந்து வலை நிழலுக்கு, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு என்று குதித்துக் குதித்துப் போவதுதான் வழக்கம். அன்று அண்ணன் மட்டும் வெறுங்காலோடு நிதானமாக, ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். காசநோய் வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் இப்படி நிமிர்ந்து நடக்கிறானே என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. "இன்னாண்ணா, மணலு உனக்கு மட்டும் குளுந்து போச்சா?" என்று கேட்டேன். அவனும் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு நெடுநாள் எனக்கு வரவில்லை. இதை எழுதும்போது உள்ளே ஏதாவது அசைய வேண்டும். அசையவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவில் வயசானவர்கள் இன்னும் போலீஸ்காரரை 'முசியே' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போதுதான் சென்னைப் பல்கலைக்கழக டாக்டர்கள் சிலர் காசநோய்க்கான புதிய மாத்திரையைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நோயாளிகளிடம் பேசும் பொறுப்பு டாக்டரம்மாவுடையது. ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தார். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நோயாளிகளையும் துணைக்கு வந்த எங்களையும் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார். எதிரே உட்கார்ந்து பேசிய டாக்டரை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

"பழைய வைத்தியம் ஊசி. புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு. ரெண்டுல எது நல்லா கேக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டேன், நல்லதைக் குடுத்து அனுப்பியிருப்பேன்" என்றார். திடமாக இருப்பவர்களாகப் பார்த்துப் புதிய மாத்திரையைக் கொடுத்து அவர்கள் பிழைத்துக்கொண்டால், பிழைத்தது மருந்தாலா உடம்பாலா என்று அப்புறம் யார் சொல்ல முடியும் என்று கேட்டார். அதனால் யாருக்கு எந்த மருந்து என்பதைத் தானும் தீர்மானிக்கப் போவதில்லை, நாங்களும் தீர்மானிக்கக் கூடாது என்றார். ஒட்டிய உறைகள் மேசைமேல் இருந்தன. அவரவர் முறை வரும்போது ஓர் உறை பிரிக்கப்படும். உள்ளே இருக்கும் சீட்டில் எழுதியிருப்பதுதான் மருந்து. "வேணாம்னா எப்ப வேணாலும் வெளிய வந்துடலாம், வைத்தியம் நிக்காது. ஒடம்புக்கு எது பண்ணாலும் மறைக்காம என்கிட்ட சொல்லிடணும்" என்றும் சொன்னார்.

எல்லாரும் பேந்தப் பேந்த விழித்தோம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "கோயில்ல பூக்கட்டிப் பாப்பீங்களே, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்களேன்" என்றார். பெஞ்சு முழுக்க முகங்கள் தெளிந்தன. அண்ணன், "இதை மொதல்லியே சொல்லியிருக்கலாமே" என்று என் காதில் சொன்னான்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் குப்பத்தில் சாதாரண விஷயம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டும் ஒரே மாதிரி மடித்த இலை. அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெண் கொடுப்பதா, படகு வாங்குவதா, எல்லாவற்றுக்கும் அதுதான் தீர்ப்பு. வந்த பூவைக் குறை சொல்லக் கூடாது, பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்கவும் கூடாது. இந்தக் கடைசிச் சங்கதி டாக்டரம்மாவுக்குத் தெரியாது. எங்களுக்கோ அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. அண்ணனுக்கு வந்த சீட்டில் புதிய மாத்திரை என்று இருந்தது. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். டாக்டரம்மா சிரித்தார். தன் பேச்சு புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார் போலிருக்கிறது.

இருமல் குறைந்தது, சோறு இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போவேன். "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். "ஒண்ணுமில்லீங்க" என்பான் அண்ணன்.

மணலில் நடந்த மறுநாள் அவன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் பாதத்தைப் பார்த்தேன். அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்து நீர் வடிந்திருந்தது. எழுப்பிக் காட்டினேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். மதமதப்பு வந்து மாசக்கணக்கில் ஆகிறது, முதலில் விரல்கள், அப்புறம் பாதம் என்று சாவகாசமாகச் சொன்னான். கட்டுமரத்தில் நின்று அலையைக் காலால் படிக்கிறவன் அவன். அவனைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவன் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஊசியால் குத்தி, குத்தறது தெரியுதா என்று கேட்டார். இல்லை என்றான். கணுக்கால் வரைக்கும் இல்லை என்றே சொன்னான். மாத்திரை நரம்பைப் பிடித்துவிட்டது, உடனே நிறுத்த வேண்டும், இன்னும் தள்ளினால் கையும் போய்விடும் என்று அவர் படபடத்தார். "கேட்டப்பல்லாம் ஏன் சொல்லலை?"

"சாமி எடுத்துக் குடுத்ததை எப்படிம்மா கொறை சொல்றது? நிறுத்தவும் கூடாது. ஒரு தபா கேட்டாச்சு."

"எந்தச் சாமி?"

"நீங்கதானே சொன்னீங்க, பூக்கட்டிப் பாக்கற மாதிரின்னு."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அண்ணன்மேலாவது வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருவன் ஐஸ் கட்டியை மரத்தூளில் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேறு பொட்டலம் மடித்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லி அம்மனே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று ஏமாற்றியிருக்கலாம். அண்ணன் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பான். அவர் அப்படிச் செய்யவில்லை. "நான் சொன்னது தப்பு. அதுல சாமி இல்லை. மெட்ராஸ்ல ஒரு கிளார்க் எண்களைப் பாத்து எழுதி ஒட்டின சீட்டு அது. யாருக்குப் போகும்னு அவருக்கும் தெரியாது" என்றார். அண்ணன் நம்பவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் கம்மிக்கொண்டே போனது. வெகுநேரம் கழித்து, சரி, நிறுத்திவிடுகிறேன் என்று அண்ணன் ஒத்துக்கொண்டான்.

மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டார்கள், நரம்புக்கு வைட்டமினும் கொடுத்தார்கள். நுரையீரல் ஆறியது. கால் திரும்பவில்லை, கடலுக்கும் அவன் திரும்பவில்லை. அண்ணி கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். நான் படித்து ஆசிரியையாகி முதலியார்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். டாக்டரம்மா அன்று வாயால் சொன்னதையெல்லாம் இப்போது அச்சடித்துத் தருகிறார்கள். போன வருடம் என் மருமகளிடம் ஓர் இளம் டாக்டர் புதிய மருந்துச் சோதனை பற்றி விளக்கினார். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் பிரிக்கும் என்றார். ஒரு பிழை சொல்ல முடியாத விளக்கம். கேட்டு முடித்துவிட்டு நான் காபி குடிக்கப் போனேன்.

எங்கள் டாக்டரம்மாவின் அறையில் அன்று இன்னும் கொஞ்சம் நடந்தது. மாத்திரையை நிறுத்த ஒத்துக்கொண்ட பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அப்ப என்னை யாரும் எடுக்கலையா?" என்று கேட்டான். நோய் வந்தபோது அழாதவன், கால் போனது என்று கேட்டும் அழாதவன், அப்போது அழுதான்.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தின்மேல் கையை வைத்தார். அவன் அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை. அவன் கடைசிவரை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "அவங்க இவ்ளோ நேரமா உன் காலைப் புடிச்சிக்கினே இருந்தாங்கண்ணா" என்றேன்.

"எந்தக் காலை?" என்று கேட்டான்.