அக்காவின் கால் தரையில் படவில்லை

போன மாதம் ஒரு நாற்காலி வாங்கினேன். அந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்... வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

என் அக்கா காமயகவுண்டன்பட்டியில் இருக்கிறாள். வயது அறுபத்தெட்டு. இரண்டு முழங்காலும் தேய்மானம். நின்றுவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவிடுவாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் பெரும்பாடு. மகன் விடிந்ததும் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவான். மருமகள் தேவி கம்பத்தில் டீச்சர். அவள் திரும்ப மாலை ஐந்து மணியாகும். அதுவரை கைகொடுத்துத் தூக்கிவிட ஆள் இல்லை.

தேவிதான் ஒருநாள் போனில் சொன்னாள். "அத்தை பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல. கேட்டா தாகமில்லேங்கிறாக. குடிச்சா பாத்ரூம் போகணும்ல? தனியா எந்திரிக்க முடியாதுன்னு பயம்."

ஒரு மனுஷி எழ முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பாளா?

விசாரித்ததில் லிஃப்ட் சேர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பட்டனை அழுத்தினால் போதும் — இருக்கை மெல்ல உயர்ந்து, முன்பக்கம் சாய்ந்து, உட்கார்ந்திருப்பவரை நிற்க வைத்துவிடும். தேனியில் ஒரு கடையில் இருந்தது. நான், தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் போனோம். அக்கா? "முட்டி வலிக்காரியை எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றது நான்தான். எப்பேர்ப்பட்ட புத்திசாலி பாருங்கள்!

மூன்று பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். நான் ஐந்தடி பதினொன்று. தம்பி என்னைவிட ஒரு சுற்று பெரியவன். கடைக்காரர் கேட்கத்தான் செய்தார். "உக்காரப் போறவுக உயரம் என்ன சார்?"

தம்பி முந்திக்கொண்டான். "பொறந்த வீட்டுல இருந்து போற பொருளுண்ணே. பாக்க எடுப்பா இருக்கணும். இருக்கிறதுலயே பெருசக் காட்டுங்க."

நம் பக்கம் அப்படித்தானே? கூடப் பிறந்தவளுக்கு எது கொடுத்தாலும் அது சீர். பீரோவோ கட்டிலோ, தெருவே பார்க்கிற மாதிரி போய் இறங்க வேண்டும். சின்னதாக இருந்தால், 'அண்ணன் தம்பி கையை இறுக்கிட்டாக' என்று பேச்சு வரும். அக்காவின் உயரம் நாலடி ஒன்பது. கடையில் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

சேர் மினி வேனில் போய் இறங்கியது. சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றியிருந்தோம். பிளாஸ்டிக் கவரை மட்டும் பிரிக்கவில்லை. அழுக்காகிவிடுமாம்!

அக்காவை உட்கார வைத்தோம். முதுகைச் சாய்த்தால் கால் அந்தரத்தில் தொங்கியது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரலாம். தம்பி பட்டனை அழுத்தினான். சேர் எழுந்தது. கால் தரையில் ஊன்றாததால் அக்கா பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஆத்தாடி!" என்று அலறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பழகுனா சரியாப் போகும்க்கா."

"ஆமாடா... நல்லாத்தான் இருக்கு."

திருப்தியாக ஊர் திரும்பினோம். ஒரு வாரம் கழித்து தேவியிடம் கேட்டேன். அக்கா பழையபடி கட்டிலில்தான் உட்காருகிறாளாம். சேரில் மடித்த துணி இருக்கிறதாம். "யாராச்சும் பாக்க வந்தா மட்டும் அதுல உக்காந்து காட்டுறாக" என்றாள். தண்ணீர்? அது அதே கதைதான்.

மறுநாளே கிளம்பிப் போனேன். "ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"எப்பிடிலே சொல்ல? ஆசையா கொண்டுவந்து எறக்கியிருக்கீக. தெருவே பாத்துச்சு. ஆனா அதுல உக்காந்தா கிணத்துச் சுவர் மேல உக்காந்த மாதிரி இருக்கு. உசுரு கையில இல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் கௌரவத்தின் அளவுக்கு வாங்கியிருக்கிறேன். அக்காவின் காலின் அளவுக்கு வாங்கவில்லை.

கவர் பிரிக்காத புண்ணியத்தில் கடைக்காரர் மாற்றித் தர ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை — "இந்தத் தடவ உக்காரப் போறவுகளக் கூட்டிட்டு வாங்க."

காரில் கூட்டிப் போனோம். அவர் முதலில் இஞ்ச் டேப்பை எடுத்தார். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஒரு அளவு. இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை இன்னொன்று. சாய்ந்து உட்கார்ந்தால் குதிகால் இரண்டும் தரையில் பதிய வேண்டும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி வேண்டும், கைப்பிடியில் கை வைத்தால் தோள் தூக்கக்கூடாது. இத்தனை இருக்கிறதா? நாங்கள் பார்த்ததெல்லாம் கலரும் சைஸும்தான்.

எங்களுக்குத் தோன்றாத கேள்வி அக்காவுக்குத் தோன்றியது. "கரண்டு போனா என்ன செய்ய? அந்தரத்துல கெடக்கவா?"

"பேட்டரி இருக்கும்மா."

"அப்ப பிளக்கப் புடுங்கிட்டுக் காட்டுங்க."

பிடுங்கிவிட்டுக் காட்டினார். அக்கா ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தாள். ஐந்தாவது தடவை, நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

தம்பிக்குத்தான் மனம் ஆறவில்லை. "பாக்கச் சின்னதா இருக்கேக்கா..."

"நானே சின்னவதானடா!"

செருப்பு வாங்கினால் போட்டுப் பார்க்கிறோம். சட்டையை உடம்பில் வைத்துப் பார்க்கிறோம். வயதானவர்களுக்கு வாங்கும்போது மட்டும் குடும்பமே கூடி முடிவெடுக்கிறோம் — அவர்களை வீட்டில் விட்டுவிட்டு. அன்புதான். யார் இல்லை என்றது? ஆனால் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

புது சேர் வந்ததும் முதல் வேலையாக பிளாஸ்டிக் கவரைக் கிழித்தேன். அக்கா இப்போது பகலில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் காலி செய்வதாக தேவி சொல்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவையும் எடுக்கவில்லை. தோட்டத்தில் இருக்கிற அக்கா மகனைக் கூப்பிடலாம் என்று நம்பரைத் தேடும்போது, அக்காவே கூப்பிட்டாள்.

"எங்கக்கா போன? பயந்தே போயிட்டேன்!"

"வாசல்ல கீரைக்காரி வந்தா. வாங்கிட்டு அங்கனயே நின்னு பேசிட்டு இருந்தேன். ஏலே, என் வீட்டு வாசலுக்குப் போக உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போகணுமா?"