இறங்க வேண்டிய ஆள்

எங்கள் சித்தப்பாவின் காரில் ஒரு பேய் வந்து போய்க்கொண்டிருந்தது. இதை நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். பசறையில் அன்றைக்கு வாடகைக்கு ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பேய் ஏறுகிற கார் எங்களுடையது மட்டும்தானே!

அந்தக் கார் நம் நாட்டிலேயே செய்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளியிலிருந்து எந்த வண்டியும் வராது. கொழும்புப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி செய்து கொடுத்தால்தான் கார். அதற்கும் பெயரைப் பதிந்துவிட்டு சித்தப்பா மூன்று வருடம் காத்துக் கிடந்தார். வந்த பிறகு அதைக் குறைசொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. கண்ணாடி இறங்காவிட்டால் கண்ணேறு. மழை நாளில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சித்தப்பாவுக்குச் சனி. கார் மட்டும் எப்போதும் நல்ல கார்.

இடதுபக்கப் பின்கதவுதான் பேயின் கதவு. நமுனுகுல போகிற பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, மலையைச் சுற்றி வலப்பக்கமாக மடங்கும் ஒரு வளைவு உண்டு. அங்கே அது தானாகத் திறந்துகொண்டது. முதல் தடவை உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று பள்ளத்தில் போனது. இரண்டாம் தடவை ஒரு பெரியவர் போகப் பார்த்தார். அதற்கு முந்திய வருடம் அதே வளைவில், கொழுந்து லொறியிலிருந்து விழுந்து ஒரு பெண் செத்துப்போயிருந்தாள். பதினேழு வயது. சனத்துக்கு இது போதாதா?

"வேற யாரு, அந்தப் புள்ளதான் எறங்குது. லயத்து வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார்கள்.

அன்றிலிருந்து சித்தப்பா வளைவுக்கு முன்னாலேயே காரை நிறுத்துவார். இறங்கிச் சுற்றி வந்து அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "எறங்கும்மா" என்பார். பத்து எண்ணும் நேரம் நிற்பார். பிறகு ஓங்கிச் சாத்துவார். அதற்கப்புறம் வளைவில் கதவு திறந்ததே இல்லை. காரில் வருகிறவர்களும் பின்சீட்டின் இடது ஓரத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். அந்த வெறும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் என்னைத்தான் திணிப்பார்கள். என் இடது தோள் மட்டும் குளிர்ந்து கிடக்கும்.

சாயங்கால வாடகை என்றால் அந்தப் பெண்ணின் அம்மா அங்கே நிற்பார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடை முதுகில் தொங்க, மூடுபனிக்குள் அசையாமல் நிற்பார். கதவு திறந்ததும், "குளிருதா? போர்த்திக்க, வா" என்று கதவைப் பார்த்துச் சொல்வார். எங்களை அவர் பார்த்ததே கிடையாது. பிறகு லயத்துக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையில், பக்கத்தில் இன்னோர் ஆள் நடக்க இடம் விட்டு, ஓரமாக நடந்து போவார். ஒரு மழை நாளில் அவர் பேசிக்கொண்டே போனவர் நடுவில் நின்றார், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார், சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பு! எனக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

பிறகு ஆட்சி மாறியது. அடைத்துக் கிடந்ததெல்லாம் திறந்துகொள்ள, ஜப்பான் வேன்கள் வந்து இறங்கின. பசறைக் கடைக்காரர் ஒருவர் ஒன்றை வாங்கினார். எங்கேயோ யாரோ ஓட்டிக் கழித்த பழைய வேன்தான். ஆனால் அது வளைவில் நிற்கவில்லை, கதவும் திறக்கவில்லை. "அதுல பேய் ஏறாதாம்" என்று சனம் ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொண்டது. சித்தப்பா ஸ்டாண்டில் ஒரே பேப்பரை மூன்று தடவை படித்தார்.

"பேயை மட்டும் ஏத்திக்கிட்டு ஓடுங்க, அதுதான் இன்னும் நம்மள விட்டுப் போகல" என்றார் சித்தி. சொல்லிவிட்டு அவரே அழுதார்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை சித்தப்பாவோடு பண்டாரவளைக்குப் போனேன். ஊருக்குள் போகுமுன் ஒரு வளைவில் எங்கள் கார் போலவே இன்னொரு கார் நின்றது. டிரைவர் இறங்கிச் சுற்றி வந்தார். இடதுபக்கப் பின்கதவைத் திறந்தார், ஓங்கிச் சாத்தினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மாமா, உங்க கார்லயும் ஒரு அக்கா வர்றாங்களா?" என்று கத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அக்காவுமில்ல தங்கச்சியுமில்ல. பூட்டுதான். ரோட்டுல குலுங்கிக் குலுங்கிக் கழண்டுக்கும். இந்தக் கம்பெனி வண்டி எல்லாத்துலயும் இதே சீக்குதான்."

 திரும்பி வரும்போது பின்சீட்டில் காலை நன்றாக நீட்டிக்கொண்டேன். சித்தப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தள்ளி உக்காரு" என்று அதட்டினார்.

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஒரு ஐயா வந்தார். கழுத்துப்பட்டி, கையில் தாள் செருகிய அட்டை. "நம்ம நாட்டுக் காரை விட்டுட்டு சனம் ஏன் வெளிநாட்டு வண்டிக்குப் போகுதுன்னு கேட்டு ஊர் ஊரா வர்றேன். யாருமே ஒரு குறை சொல்லல. நீங்க சொல்லுங்க, எதுவா இருந்தாலும் கம்பெனி செலவுல மாத்தித் தர்றோம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூட்டை மாற்றிவிட்டால் சனம் திரும்பிவிடும், சித்தி அழ மாட்டார்.

வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். சாயங்காலமாக நமுனுகுல பாதையில் போனோம். வளைவுக்கு முன்னால் சித்தப்பா நிறுத்தினார். அந்த அம்மா நின்றிருந்தார்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"ஒரு ஆள் எறங்கணுங்க ஐயா."

ஐயா திரும்பிப் பார்த்தார். நானும் வெறும் இடமும் இருந்தோம். சித்தப்பா கதவைத் திறந்து பிடித்தார். "இன்னைக்கு நேரமாயிருச்சே கண்ணு" என்றார் அந்த அம்மா. அவர் பனிக்குள் மறையும்வரை ஐயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "கதவுல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

"கதவு நல்லா இருக்குங்க. வண்டியில ஒரு குறையும் இல்ல."

"சித்தப்பா, பூட்டு..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாய் அடைத்துப்போனது. ஐயா தாளில் குறை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கொழும்புக்காரருக்குப் பயந்த கோழை என்று நினைத்து, சித்தப்பாவோடு நான் பல நாள் பேசவில்லை. வாடகை இல்லாத நாட்களிலும் சாயங்காலமானால் காரை எடுத்துக்கொண்டு நமுனுகுல பக்கம் எங்கேயோ போய் வந்தார். பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று சித்தி திட்டினார். இரண்டு வருடம் கழித்து அந்த அம்மாவும், ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட தோட்டத்துச் சனம் மற்றவர்களைப் போல, இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார். அதற்கு மறுவாரமே சித்தப்பா காரை வந்த விலைக்கு விற்றார். இவ்வளவு நாள் விற்காமல் இருந்துவிட்டு இப்போது விற்கிறாரே, என்ன மனுசன் இவர் என்றுதான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது.