சொந்த டைரக்டரியில் கட்டிய மொழி

மேக் அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் நான் நல்லவிதமாகத்தான் சொல்வேன். சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தோம். ஜன்னல் இல்லாத அறை. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. நாற்காலி இரண்டு. அதில் ஒன்றுக்குக் கை கிடையாது, அது எனக்கு. மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற இயந்திரத்தில் யுனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. இலவசமாகக் கிடைக்கும் யுனிக்ஸ் அல்ல; ஒரு கம்பெனி விற்றது, தொட்டதற்கெல்லாம் லைசென்ஸ் கேட்பது. அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து அண்ணன் அங்கே இருந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் கூடப்பிறந்தவன்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

'மேக்' என்ற பட்டப்பெயர் ரத்தம் எடுக்கும் பெண்கள் வைத்தது. மூல நிரலைக் கொடுத்து, அதிலிருந்து ஓடும் நிரலைக் கட்டச் சொல்லும் 'மேக்' என்ற கட்டளையை அடித்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு திரையில் வரி வரியாக ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். அண்ணியிடம் ஒரு முறை சொன்னேன். "வீட்லயும் அதேதாம்மா. பாலை அடுப்புல வச்சா பொங்கற வரைக்கும் கண்ணெடுக்க மாட்டாரு. இவரு பார்க்கலேன்னா பால் கோவிச்சுக்குமாம்" என்றார்.

அவர் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் முடிவுகளை நீள நீளமான வரிகளாகத் துப்பும். அதை நோயாளி வாரியாக, வார்டு வாரியாகப் பிரித்து அச்சடிக்க வேண்டும். யுனிக்ஸுடன் வந்த பழைய கருவிகள் ஓர் அளவுக்கு மேல் நீண்ட வரியைக் கண்டால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒரு நாள் ஒரு பெண்மணியின் பொட்டாசியம் அளவு அப்படிக் காணாமல் போய், டாக்டர் கீழே இறங்கி வந்து கத்திவிட்டுப் போனார். அன்றைக்கே அண்ணன் முடிவு செய்தார்: இதற்கு ஒழுங்கான ஸ்கிரிப்ட் மொழி ஒன்று வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் இந்த இயந்திரத்துக்கென்று தயாராக யாரும் வைத்திருக்கவில்லை. மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து, அதாவது இந்த இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்க எளிது. இயந்திரத்தோடு வந்த கம்பைலர் பெயருக்குத்தான் கம்பைலர். கம்பெனியின் சொந்தச் சரக்கைத் தவிர எதையும் கம்பைல் செய்யாது. நல்ல கம்பைலருக்குத் தனி லைசென்ஸ். எங்கள் மேலாளர் அதெல்லாம் ஆகாது என்றார். அண்ணன் இலவசக் கம்பைலர் ஒன்றை எங்கிருந்தோ கொண்டு வந்தார். அதை நிறுவவே ஆறு நாள். பிறகு நீளமான கோப்புப் பெயர் என்று சொல்லி மொழியின் மூலப் பொதியை அவிழ்க்க இயந்திரம் மறுத்தது. அவிழ்த்தால் தற்காலிக டிஸ்க் நிரம்பியது. நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் கடைசிப் படியில் துணை நிரல்கள் அடங்கிய ஏதோ ஒரு நூலகத்தைக் காணோம் என்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்படுவது ஒரு தடவையா, தினம் ஒரு பூதம். பத்தொன்பதாவது நாள் மதியம், மொழி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் எல்லா டெஸ்ட்டும் தேறியது. அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "தங்கச்சி, ஓடிருச்சு" என்றார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அதில் ஒரு கோணல் இருந்தது. இயந்திரத்தில் எல்லாருக்குமான பொது இடத்தில் நிறுவுவதற்கு அதன் தலைமை அனுமதி வேண்டும். அதை மேலாளர் தன் கையில் வைத்திருந்தார், தரவில்லை. "சிஸ்டத்துல கை வைக்காதீங்க, கம்பெனிக்காரன் சப்போர்ட் தர மாட்டான்" என்றார். அதனால் அண்ணன் மொழியை, தன் கோப்புகளை வைத்துக்கொள்ள இயந்திரத்தில் ஒதுக்கியிருந்த சொந்த டைரக்டரிக்குள் கட்டினார். அந்த மொழியின் குணம், எந்த இடத்துக்கென்று கம்பைல் செய்கிறோமோ அந்த முகவரி அதன் வயிற்றில் பதிந்துவிடும். பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் தன் நூலகங்களைத் தேடித் திகைத்து நிற்கும். இடம் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி மூலத்திலிருந்து கட்ட வேண்டும். மூன்று முறை கடிதம் எழுதினார்: பொது இடத்தில் கட்ட அனுமதி கொடுங்கள் என்று. மூன்றாவதைத் தட்டச்சு செய்தது நான். மேலாளர் அதைக் கோப்பில் செருகிவிட்டு, "ஓடறதை எதுக்குய்யா நோண்டறீங்க?" என்றார்.

ஓடியது. அந்த மொழியில் அவர் எழுதிய, முடிவுகளை அச்சடிக்கும் நிரல் ஒன்பது வருடம், தினம் காலை ஆறு மணிக்கு, ஒரு நாள் தவறாமல் ஓடியது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒழுங்காக நடக்கிற காரியத்தை எவன் கவனித்தான்?

அண்ணன் ஓய்வு பெறும் நாள் வந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பக்கத்து ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இதே வேலைக்குப் பேசி வைத்திருந்தார். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பழைய இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவருக்கு அது ஒரு பெரிய விஷயமா என்று எல்லாரும் நினைத்தோம்.

விதிப்படி, ஓய்வு பெறுகிறவரின் கம்ப்யூட்டர் கணக்கை அன்று மாலை ஐந்து மணிக்குள் டைரக்டரியோடு அழித்துவிட வேண்டும். செய்ய வேண்டியவள் நான்; அந்த ஒரு வேலைக்கு மட்டும் மேலாளர் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். மூன்று மணிக்கு அண்ணன் கைகொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்.

"கணக்கை மூடிடு. ஆனா டைரக்டரியை மட்டும் அழிச்சிராத தங்கச்சி. மொழி உள்ளதான் இருக்கு. மேலாளர்கிட்டயும் சொல்லிட்டேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லு."

சொன்னேன். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போறவரு ஆயிரம் சொல்லுவாரு. விதின்னா விதி. அஞ்சு மணிக்குள்ள அழிச்சிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடும்மா."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஏதோ ஒரு சாக்குச் சொல்லி நாளைக்குத் தள்ளியிருக்கலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அழியட்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லாம் நிற்கட்டும், இந்த ஆளுக்கு அப்போதுதான் உறைக்கும் என்று நினைத்தேன். நினைத்தபடியே அழித்தேன். கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்.

காலை ஆறு மணிக்கு ஒரு தாளும் அச்சாகவில்லை. ஏழு மணிக்கு எல்லா வார்டிலிருந்தும் போன். டெக்னீஷியன்கள் முடிவுகளைக் கையால் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார்கள். டேப்பிலிருந்து திருப்பி எடுக்கலாம் என்றால், ஊழியர்களின் சொந்த டைரக்டரிகளுக்கு டேப் நகல் கிடையாது. அதுவும் மேலாளரின் உத்தரவுதான். மேலாளரின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி முழுதாகப் பத்து நிமிடம் இருந்திருக்குமா? போனை எடுத்து இயக்குநரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"போகும்போது வெடி வச்சிட்டுப் போயிருக்காரு சார். பிளான் பண்ணித்தான் எல்லாத்தையும் அவரு டைரக்டரிக்குள்ள வச்சிருக்காரு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் கையில்லாத என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பழி அண்ணன் வீட்டைத் தேடிப் போனது.

அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கம்பைலர், மூலப் பொதி, தன் நிரல்கள் எல்லாம் இருந்த சிடியோடு வந்தார். முந்தின நாள்வரை அவருக்கு வணக்கம் வைத்த காவலாளி, பார்வையாளர் அட்டை ஒன்றைச் சட்டையில் மாட்டிவிட்டு, பின்னாலேயே வந்து நின்றான். இத்தனை வருடம் கிடைக்காத தலைமை அனுமதி ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. அண்ணன் பொது இடத்தில் கட்டத் தொடங்கினார். கம்பைல் ஆவதற்கு முன் அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் திரையைப் பார்க்காமலே பதில் அடித்தார். மத்தியானம் கம்பைல் முடிந்தது. போதும், ஓட விடுங்கள் என்று மேலாளர் பறந்தார்.

"டெஸ்ட் முடியட்டும் சார்."

"வார்டுல உயிர் போகுதுங்கறேன், டெஸ்ட்டாம் டெஸ்ட்டு!"

"தப்பா அச்சடிச்சாதான் சார் உயிர் போகும்" என்றார் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு. எல்லா டெஸ்ட்டும் தேறிய பிறகுதான் எழுந்தார். ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை, ஏன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் குழு. அண்ணன் தைரியமாகத்தான் இருந்தார். கடிதங்கள் இருக்கின்றன, தங்கச்சி இருக்கிறாள் என்று. கோப்பைத் திறந்தால் ஒரு கடிதம்கூட இல்லை. ஆக, மிச்சம் நான்தான்.

என்னைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் மேலாளர் எங்கள் அறைக்கு வந்தார். அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, மிகவும் அன்பாகப் பேசினார்.

"அழிச்சது உன் கை. ரிஜிஸ்டர்ல இருக்கறது உன் கையெழுத்து. அவரு சொல்லியும் அழிச்சேன்னா அப்புறம் குத்தவாளி யாரும்மா? யோசிச்சுப் பேசு. வீட்டுக்காரர் எப்படி இருக்காரு, எந்திரிச்சு நடக்கறாரா?"

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். முதுகில் அடிபட்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். குடும்பம் என் ஒருத்தி வேலையில் ஓடியது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்குத்தான், வேறென்ன.

மறுநாள் குழுவின் முன்னால் நின்றேன். எதிரே அண்ணன், சலவைச் சட்டையில். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். குழுவின் பெரியவர் கேட்டார்:

"கணக்கை அழிக்கறதுக்கு முன்னாடி இவர் உங்ககிட்ட ஏதாவது எச்சரிக்கை பண்ணினாரா? கடிதம் ஏதாவது எழுதினது தெரியுமா?"

"ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

அண்ணன் சிரிப்பை உடனே எடுக்கவில்லை. அது முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். உள்நோக்கம் இருந்திருக்கலாம் என்பதை மறுக்க இயலவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். நன்னடத்தைக் கடிதம் கிடையாது. சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மேலாளருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எனக்கு அதுகூடப் போகவில்லை.

இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போவதாகக் கிளம்பி, தெருமுனைவரை போய்த் திரும்பினேன். அண்ணி எதிரில் வந்தால் எந்த முகத்தோடு நிற்பது?

எட்டு மாதம் கழித்து ஒரு காலை. முடிவுகள் கொடுக்கும் ஜன்னலில் ஆள் வரவில்லை என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக அண்ணன் நின்றார். இளைத்திருந்தார். சலவைச் சட்டை இல்லை, கசங்கிய ஒன்று. அவர் முறை வந்ததும் சீட்டை நீட்டினார். அவருடைய ரத்தச் சர்க்கரை முடிவு, அவருடைய மொழியில் ஓடிய நிரல் அன்று காலை ஆறு மணிக்கு அச்சடித்த தாளில் இருந்தது. அளவு எங்கேயோ ஏறியிருந்தது. தாளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, "அண்ணே" என்றேன். "அண்ணே, நான் அன்னிக்கு..."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஓர் அலுவலகப் பெண்ணைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தார்.

"மன்னிக்கணும் மேடம். நீங்க யாருன்னு ஞாபகம் இல்லை" என்றார்.

தாளை என் விரல்களிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தார்.