விளம்பரக்காரி குன்வோர்

எங்கள் கல்லூரியின் ஆவணக் காப்பகம் நிலவறையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் குன்வோருக்கு மேலே வெயில் அடித்தாலும் ஒன்றுதான், கடலில் புயல் வீசினாலும் ஒன்றுதான். ஒரு காலத்தில் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீனைச் சுத்தம் செய்து, உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கிய பெண்களின் படங்களும் அவர்களுடைய தொழிற்சங்கத் தாள்களும் அங்கே சாம்பல் நிறப் பெட்டிகளில் இருக்கின்றன. குன்வோர் அவர்களை "என் பொண்ணுங்க" என்பார். அந்தப் பெட்டிகளின் பக்கம் எவராவது காப்பிக் கோப்பையோடு வந்தால் தொலைந்தார்.

ஒரே குறை, அந்தப் பெண்களைப் பார்க்க யாரும் வருவதில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் முதல்வர் ராண்டி படியிறங்கி வந்தார். "குன்வோர், எனக்கும் மனசு கேக்கல. ஆனா வெளியாள் ஒருத்தர்கூட வராத இடத்தை எப்படி வெச்சுக்கிறது? கோடைக்குள்ள யாரும் வரலைன்னா, பெட்டியெல்லாம் மலைக்குள்ள இருக்கிற கிடங்குக்குப் போயிடும்."

குன்வோர் அன்றே களத்தில் இறங்கினார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் ஹெர்ரிங், உப்பு, பீப்பாய் என்று கண்ணில் பட்ட கட்டுரைக்கெல்லாம் போய், அடியில் "மேலும் அறிய எங்கள் காப்பகத்துக்கு வாருங்கள்" என்று ஓர் இணைப்பை ஒட்டினார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டிருந்தார்கள். அவருடைய கணக்கையும் முடக்கியிருந்தார்கள். காரணம், விளம்பரம். முடக்கியவர் அங்கே தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் வாடைக்காற்று.

"என்னைப் போயி விளம்பரக்காரிங்கறான் பாரு!" மதியம் ரொட்டிப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் வரலாற்று ஆசிரியர் சிந்த்ரேயிடம் பொரிந்து தள்ளினார். "இத்தனை வருஷத்துல நான் எதையாவது வித்திருக்கேனா?"

"வித்திருந்தா நாலு பேராவது வந்திருப்பாங்களே," என்றார் சிந்த்ரே, தன் ரொட்டியில் பழுப்புச் சீஸை அடுக்கியபடி.

குன்வோர் வாடைக்காற்றுக்குச் சூடாக ஒரு கடிதம் போட்டார். பதில் அமைதியாக வந்தது. "நீங்க போர்டு மட்டும்தான் மாட்டுறீங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதலையே. உங்க பொண்ணுங்க யாரு, என்ன செஞ்சாங்கன்னு அச்சுல வந்த ஆதாரத்தோட யாராவது எழுதட்டும். நீங்க வேண்டாம். வீட்டுப் பொண்ணை வீட்டுக்காரங்களே புகழ்ந்தா யாரு நம்புவா?"

குன்வோருக்குச் சுருக்கென்றது. அதில் நியாயம் இருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு சிந்த்ரேயிடம், "உன் வகுப்பைக் கீழ அனுப்பு," என்றார்.

மாணவர்கள் வந்தார்கள். பெட்டியில் கண்ட பெயர்களைப் பழைய செய்தித்தாள்களிலும் உள்ளூர் வரலாற்று நூல்களிலும் தேடிப் பிடித்து, சங்கம் தொடங்கிய கதையையும் வேலைநிறுத்தத்தையும் எழுதினார்கள். படங்களையும் ஏற்றினார்கள். ஒருத்தி படகுத்துறையின் பெயரை மாற்றி எழுதியபோது, தானே திருத்திவிடக் குன்வோருக்குக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் கம்பளிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "கண்ணு, அந்த இடத்தை இன்னொரு தடவை பாரேன்," என்று மட்டும் சொன்னார்.

ராண்டி மசியவில்லை. "நம்ம பசங்க வந்ததெல்லாம் கணக்குல வராது, குன்வோர்."

மே கடைசியில் கிடங்கு வண்டிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குன்வோர் அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

வண்டி வருவதற்கு முந்தைய வாரம், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஒருவர் படியிறங்கி வந்தார். பக்கத்துத் தீவில் பல் மருத்துவராம், பெயர் ஐவின். கையில் சூடான பன் பொட்டலம்.

"அதை வெளிய வெச்சிட்டு வாங்க," என்றார் குன்வோர், வணக்கம்கூடச் சொல்லாமல்.

வைத்துவிட்டு வந்தார். "நான்தான்... வாடைக்காற்று." குன்வோர் வாயைத் திறப்பதற்குள் அவசரமாகத் தொடர்ந்தார். "உங்க பசங்க எழுதினதுல குறை கண்டுபிடிக்கத்தான் தொறந்தேன். ஒண்ணும் இல்ல. கீழ ஒரு படம் இருந்துச்சு. பீப்பாய்க்குப் பின்னாடி சிரிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு. எங்கம்மா. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அசல் இங்க இருக்குன்னு போட்டிருந்துச்சு. பாக்கலாமா?"

குன்வோர் கையுறை கொடுத்து, படத்தை மேசையில் வைத்தார். ஐவின் வெகுநேரம் குனிந்தே இருந்தார். மாதக்கணக்கில் குன்வோர் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. அந்த மனிதரைப் பார்க்கப் பாசமாக இருந்தது.

அவர் கிளம்பும்போது குன்வோர் வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "சொந்தப் பேரைப் போடுங்க. வாடைக்காற்றுன்னு போட்டா எங்க முதல்வர் நம்பமாட்டாங்க."

ஐவின் தன் பெயரை எழுதினார். பார்க்க வந்தது எதை என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினார்.

குன்வோர் தொலைபேசியை எடுத்தார். "ராண்டி, வண்டியை வரவேணாம்னு சொல்லு. என் பொண்ணுங்களைத் தேடி ஆள் வந்தாச்சு."