பாலிஷ் ஸ்பிரிட்டில் ஒரு கார்

பெட்ரோல் கார் பெட்ரோல் இல்லாமல் ஓடுமா? போன வியாழக்கிழமை வரை, ஓடாது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. அதன் பிறகு கிடைத்த ஊரில் கிடைத்த வேலை. இப்போதைக்கு மர பீரோக்களுக்குப் பாலிஷ் போடுகிறேன். அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்கு அமலில் இருப்பதால் ஸ்பிரிட்டுக்குப் பர்மிட் வேண்டும். கையில் ஒரு கேலன் டின், சட்டைப் பையில் பர்மிட். கிளியனூர் தாண்டி, திண்டிவனம் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன்.

பஸ் வரவில்லை. ஒரு பழைய வாடகைக் கார் வந்தது. இரண்டு முறை இருமியது... என் எதிரிலேயே நின்றுவிட்டது.

டிரைவர் முருகேசன் டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தபடி வந்தது.

பின் சீட்டில் கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர். மறுநாள் சென்னையில் பினாங்கு கப்பல். நாலு மணி ரயிலைத் திண்டிவனத்தில் பிடித்தால்தான் கப்பல்; கப்பலைப் பிடித்தால்தான் அங்கே கடை வேலை.

"ஏம்ப்பா, டின்ல இன்னா? பெட்ரோலா?" என்றார் முருகேசன்.

"ஸ்பிரிட்டு."

"அது எரியுமா?"

மூடியில் கொஞ்சம் ஊற்றி, கல்லின் மேல் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். ஒன்றும் தெரியவில்லை. புகை இல்லை, சத்தமில்லை.

"எரியலியேப்பா!" என்று விரலை நீட்டினார். "ஐயோ!"

பெட்ரோல் தீ கரும்புகையோடு மஞ்சளாக எழும்பும். பத்து வயல் தள்ளி நின்றாலும் தெரியும். இது வெயிலில் கண்ணுக்கே தெரியாத நெருப்பு!

முருகேசன் பாயைத் தயக்கத்தோடு பார்த்தார். "இது சாராயத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி, பாய்..."

"குடிக்கப் போறது வண்டி, நானா? ஜல்தி ஊத்துய்யா!"

அந்த டின் போனால் என் வேலையும் போச்சு. ஆனால் அந்தப் பாய் கப்பல் டிக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரே... ஊற்றிவிட்டேன்.

சும்மா கிளம்பவில்லை. சோக்கைப் பாதி இழுத்துக் காற்றைக் குறைத்து, ஹேண்டில் அடித்த பிறகுதான் உறுமியது. பானெட்டுக்குள் கார்புரேட்டரைத் தொட்டேன். கையை இழுத்துக்கொண்டேன். சுட்டதாலா? இல்லை, சில்லென்றிருந்ததால்! சித்திரை வெயிலில், கொதிக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில், அது சோடா பாட்டில் மாதிரி வேர்த்திருந்தது. படித்தவர்கள் யாராவது இதை எனக்கு விளக்குங்கள்.

"பத்து மைல்தானே? ஒரு கேலனுக்குப் பதினஞ்சு மைல் போவும்" என்று தைரியம் சொன்னார் முருகேசன். நானும் ஏறிக்கொண்டேன். பெட்ரோல் கப்பலில் வருகிறது. இதுவோ கரும்பாலைக் கழிவுப் பாகில் பிறந்தது. நம் கொல்லையில் விளைந்த கரும்பு காரை இழுக்கிறது!

ஆனால் பதினைந்து மைல் என்பது பெட்ரோல் கணக்கு. ஸ்பிரிட்டுக்கு அவ்வளவு தெம்பில்லை. திண்டிவனம் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சரியாக ஒரு மதுவிலக்குக் கான்ஸ்டபிளின் காலடியில் கார் அடங்கியது.

அவர் மூக்கைச் சுளித்தார். "யாருய்யா போட்டது? ஊதுங்க!"

மூன்று பேரும் ஊதினோம். நாற்றமில்லை.

"குடிச்சது காருங்க" என்றார் முருகேசன்.

கான்ஸ்டபிள் குனிந்து சைலன்சரை மோந்து பார்த்தார். என் பர்மிட்டை வாங்கிப் படித்தார். "பாலிஷுக்குன்னுதான் எழுதியிருக்கு. காருக்குன்னு எங்கய்யா இருக்கு?"

அதே நேரத்தில் கைகாட்டி விழுந்தது. ரயில் வரப்போகிறது.

"சார்... கப்பல் போயிடுங்க" என்றார் பாய். டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

கான்ஸ்டபிள் கைகாட்டியைப் பார்த்தார், பாயின் கனத்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். பர்மிட்டை என் கையில் திணித்தார். தொப்பியைக் கழற்றி சீட்டில் போட்டார்.

"இன்னாய்யா பார்த்துக்கினு நிக்கிறே? தள்ளு!"

தள்ளினோம். ரயில் நகரத் தொடங்கியபோது பாயின் பெட்டி ஜன்னல் வழியே உள்ளே போனது. பாய் கதவு வழியே போனார்.

பெட்ரோல் பெரிதா, ஸ்பிரிட் பெரிதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது... அந்தக் கார் கடைசி இரண்டு பர்லாங்கு ஓடியது, தள்ளிய எங்கள் வயிற்றிலிருந்த கேப்பைக் கூழில்!