அந்தோனிப்பிள்ளை சேர் இல்லாத பள்ளி வரலாறு

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அந்தோனிப்பிள்ளை சேர் நேற்றுக் காலமாகிவிட்டார். லண்டனில், தோர்ண்டன் ஹீத் வீட்டில், மத்தியானத் தூக்கத்திலேயே...

இன்று காலை எங்கள் பழைய மாணவர் சங்கம் போஸ்ட் போட்டிருக்கிறது. "எமது பள்ளியின் தூண் சாய்ந்தது."

தூணாம். இதே சங்கம் போன வருடம் வெளியிட்ட பள்ளி வரலாற்றில் அந்தத் தூணுக்கு ஒரு வரிகூட இல்லை.

எங்களுடையது ஒருகாலத்தில் ஆண்களுக்கான கிராமர் ஸ்கூல், பரீட்சையில் தேறியவர்களுக்கு மட்டும். பிறகு எல்லாரையும் சேர்த்தார்கள். இப்போது அந்தக் கட்டிடம் பிளாட்டுகள்.

புத்தகம் கிராமர் ஸ்கூல் காலத்தோடு முடிந்துவிடுகிறது. சேரும் நானும் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

கிராமர் போனாலும் அதன் மிடுக்குப் போகவில்லை. ஆசிரியர்கள் எங்களைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெடியன்களுக்கு அது அப்பாவின் பெயர்... என்னைத் திட்டும்போதெல்லாம், எங்கேயோ ஷிப்டில் நிற்கும் அப்பாவைத் திட்டுவதுபோல் இருக்கும்.

கணக்குப் படிப்பித்த சேர் மட்டும் என் சொந்தப் பெயரைச் சொன்னார். தலைமை ஆசிரியர் கண்டித்தபோது, "நான் படிப்பிக்கிறது பெடியனை, தகப்பனை இல்லை" என்றாராம்.

போன வருடம் நோர்பரியில் அந்தப் புத்தகத்தின் வெளியீடு. சங்கச் செயலாளர் எங்கள் தமிழ் ஆள்தான். கடைசி கிராமர் பெட்ச், அந்தக் காலப் பள்ளி டையை இன்னும் கட்டுகிறவர். நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, சேரின்ர பெயர் ஏன் இல்லை?"

"தம்பி, இது கிராமர் ஸ்கூலின்ர வரலாறு. பிறகு நடந்தது வேற பள்ளிக்கூடம்."

"கட்டிடம் அதுதானே அண்ணை."

"உனக்கு எப்பவும் கோவம்தான்."

பின்னால் சேர் சிற்றுண்டித் தட்டோடு நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். "விடடா. புத்தகத்தில இடமில்லாட்டியும் ரோல்ஸ் தந்தவங்கள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ரோல்ஸைச் சாப்பிடவில்லை. புத்தகத்தையும் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடக்கப் பூசையில் சேரைப் பற்றிப் பேசப்போவது அதே செயலாளராம்...

பேசுங்கள் அண்ணை. எந்தப் பள்ளிக்கூடத்துத் தூண் என்பதையும் சொல்லிவிட்டு இறங்குங்கள். புத்தகத்தில் அவர் பெயரைச் சேருங்கள்.

இந்தப் பதிவில் என் பெயரைப் போட்டால், "அவனோ, அவன் அப்பிடித்தான்" என்று என்னைப் பற்றித்தான் கதைப்பீர்கள். இன்றைக்கு சேரைப் பற்றிக் கதையுங்கள்.

போய்வாருங்கள் சேர். நீங்கள் கூப்பிட்ட அந்தப் பெயரை இதன் கீழே நான் போடவில்லை.