அந்தத் தாளில் இருந்த கைத்தடம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, சாத்தூர்ப் பக்கம், சின்ன வயதில் நான் போய்வந்த கவிஞரின் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். அதை நினைவில்லம் ஆக்கி வருஷங்கள் ஆகின்றன. எனக்குத்தான் போக மனசு வரவில்லை. நுழைந்ததும் பினாயில் வாடை. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் குப்பை கொட்டியவளுக்கு அது புதிதா என்ன? ஆனாலும் முன்பெல்லாம் அந்த வீட்டில் பருத்திக்கொட்டை ஊறுகிற வாடைதான் இருக்கும். மாட்டுக்கு ஊறவைத்ததை அள்ளித் தின்று வயிற்றுப்போக்கில் கிடந்த வீராங்கனை நான்.

கவிஞருக்குக் கண் மங்கிய காலம் அது. சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும் என்றார். முதலில் நான்தான் போனேன். நான் எழுதியதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், "கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஒங்கக்காவ வரச்சொல்லு தாயி" என்றார். எனக்கு ஒரே அழுகை.

அக்கா எஸ்தர் பட்டாசுக் கம்பெனியில் இருந்தாள். சாயங்காலம் வேலை விட்டதும் நேரே கவிஞர் வீடுதான். எவ்வளவு தேய்த்தாலும் விரலிடுக்கில் சாம்பலாய் ஒட்டிய அலுமினியப் பொடி போகாது. "பாத்துக்கடி, கவிதை எளுதுற கை" என்று என் மூக்கில் தடவுவாள்.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள். 'கவிஞரின் கையெழுத்து' என்று போட்டிருந்தது. கடைசி எழுத்துக்கெல்லாம் வால் இழுத்து எழுதுவது எஸ்தர்தான். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் விரல் தடம்.

சுற்றிக்காட்டிய பெண் சொன்னாள்: "அய்யா எந்நேரமும் திருநீறு பூசியிருப்பாகளாம். அந்தக் கைத்தடம்க்கா, இன்னும் அளியல பாருங்க."

"இது எங்கக்கா எளுத்தும்மா. அவ கைதான்" என்றேன், என்னையறியாமல்.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்பிடியாக்கா? அய்யா கையால எளுதுனத மட்டுந்தான் இங்கன வைக்கணும்னு சொல்லியிருக்காக. சார்ட்ட சொல்லி எடுத்துருவோம். இல்லன்னா எங்களத்தான் ஏசுவாக."

எடுத்து எங்கே வைப்பார்கள்? பழைய பேப்பரோடு கட்டிப் போடுவார்கள். எஸ்தர் வேலை பார்த்த ரூம் வெடித்த அன்று, மூடிய பெட்டியாகத்தான் கொண்டுவந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. அவள் நோட்டுகளையெல்லாம் அவளோடு குழிக்குள் வைக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

"இல்லம்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அய்யா எளுத்துதான்" என்றேன்.

அவளுக்கு நிம்மதி. அடுத்து வந்த குடும்பத்திடம் திருநீற்றுக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். நானும் நின்று கேட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். அம்மாவும் இல்லை, கவிஞரும் இல்லை. அது எஸ்தர் எழுதியது என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நானும், அது அவள் எழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.